இன்டு போட்ட இடம்

என் கைக்கு ஒரு வித்தை தெரியும். எவ்வளவு தடிமனான பேப்பர் கட்டாக இருந்தாலும் சரி, பென்சிலை எடுத்தால் ஐந்தே நிமிடத்தில் கையெழுத்து விழ வேண்டிய இடத்திலெல்லாம் பெருக்கல் குறி மாதிரி சின்னதாக ஒரு இன்டு போட்டு வைத்துவிடுவேன். ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் பதினாறு வருஷம் இதைத்தான் செய்தேன். கடன் வாங்க வருகிறவர்கள் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து உட்காருவார்கள். பேப்பர் கட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, இன்டு போட்ட இடத்திலெல்லாம் ஒரு கையெழுத்து என்பேன். மொத்தம் நாற்பத்து மூன்று இடம். முதல் பத்தை பயபக்தியோடு போடுவார்கள். அதற்கப்புறம் பேப்பர் அவர்கள் கண்ணில் படாது, இன்டு மட்டும்தான் தெரியும். முப்பதைத் தாண்டினால் விரலை உதறிக்கொண்டே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்று சொன்னவர்கள் அத்தனை வருஷத்தில் இரண்டே பேர். ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இன்னொருவருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

மூன்றாவது ஆளாக என் அக்கா இருந்திருக்க வேண்டும். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். குழாயில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டை இரண்டு தடவை படிக்காமல் யார் கையிலும் ஊசியை இறக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கடனுக்காக என் மேஜைக்கு வந்தபோது ஒரு வரி படிக்கவில்லை. தங்கச்சியே இன்டு போட்டுத் தந்திருக்கிறாள், அப்புறம் என்ன என்று நாற்பத்து மூன்றையும் மடமடவென்று போட்டுத் தள்ளிவிட்டு, எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இருபத்தொன்பதாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. வட்டி ஏறினால் மாதத் தவணை அப்படியே இருக்கும், கடன் முடிகிற தேதி தள்ளிப் போகும், அதற்குக் கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டியதில்லை. வட்டி ஏறியது. அக்கா ஓய்வு பெறுகிற வருஷத்தில் முடிய வேண்டிய கடன், அதற்கும் ஒன்பது வருஷம் தள்ளிப் போய் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. அக்கா நேராக வங்கிக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

"நான் பேங்க்கை நம்பல. உன் பென்சிலை நம்பினேன்" என்றாள்.

அதோடு பேச்சு நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அக்கா புருஷன்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சேதி கொண்டு போய்க்கொண்டிருந்தார். மாமாவுக்கு அதில் ஒரு சலிப்பும் கிடையாது, இரண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைத்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தப் பத்தியை நானும் அதுவரை படித்ததில்லை. எந்த இடத்தில் இன்டு போட வேண்டும் என்று தெரியும், எதற்குப் போடுகிறோம் என்று தெரியாது. அன்றைக்கு சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்பப் படித்ததில் மனப்பாடமே ஆகிவிட்டது. அடுத்த மாதம் வேலையை விட்டேன்.

வேலை இல்லாமல் இருந்தபோதுதான் படிக்கிற கண்ணாடி வாங்க ஒரு கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரைத்தான் இப்போது மேடம் என்று கூப்பிடுகிறேன். மேடம் அப்போதே நாடாளுமன்ற உறுப்பினர். சபை நடக்காத நாட்களில் கடையில்தான் இருப்பார். தொகுதியில் யாருக்கும் அவருடைய பெயர் ஞாபகம் இருக்காது, கண்ணாடிக்காரம்மா என்றால்தான் தெரியும். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டவர்கள் படித்துப் பார்க்க எல்லாக் கடையிலும் ஒரு அட்டை கொடுப்பார்கள். மேடம் ஒரு வீட்டுக்கடன் ஒப்பந்தத்தைக் கொடுப்பார். உலகத்திலேயே பொடி எழுத்து அதில்தான் இருக்கிறது என்பது அவருடைய அனுபவம். அப்படிக் கண்ணாடியைச் சோதித்துப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் நாலாவது வரியிலேயே, இப்படியா போட்டிருக்கிறது என்று பதறிப்போய் வீட்டுக்கு போன் பண்ணுவார்களாம். சட்டம் போடுகிற இடத்துக்கு மேடம் போனதே அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான். எனக்கும் அந்தப் பக்கங்களைக் கொடுத்தார். பார்த்தால் எங்கள் வங்கியின் ஒப்பந்தம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இருபத்தொன்பதாம் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னேன். கண்ணாடியும் கிடைத்தது, மேடத்திடம் உதவியாளர் வேலையும் கிடைத்தது.

வங்கிச் சட்டத்துக்கான குழுவில் மேடம் இரண்டு வருஷம் உட்கார்ந்தார். மற்ற உறுப்பினர்கள் அங்கே கொடுக்கிற முந்திரிக்காக வருவார்கள், மேடம் கேள்வி கேட்க வருவார். ஒருநாள் ஒரு வங்கியின் வழக்கறிஞர் சாட்சி சொல்ல வந்தார். வாடிக்கையாளர்கள் முழுவதும் படித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்திடுகிறார்கள் என்று ஆணித்தரமாகச் சொன்னார். மேடம் அவருடைய வங்கியின் ஒப்பந்தத்தையே எடுத்து நீட்டி ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். அவர் கையை நீட்டிப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார், விளக்கைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்றார். நாளைக்குக் கடைக்கு வாருங்கள், உங்களுக்கு ப்ளஸ் இரண்டு பவர் கண்ணாடி வேண்டும் என்றார் மேடம். நடவடிக்கைக் குறிப்பில் சாட்சி அவகாசம் கோரினார் என்று மட்டும் இருக்கிறது.

இரண்டு வருஷ உழைப்பும் கடைசியில் ஒரு திருத்தத்தில் வந்து நின்றது. மசோதாவுக்கு வந்த திருத்தங்களில் அது பதினேழாவது. அதில் இரண்டே விஷயம். கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் ஏழு நாளைக்குள் மனசு மாறினால், அபராதம் இல்லாமல் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அக்காவுக்கு இதனால் காலணா லாபமில்லை. அவளுடைய ஏழு நாள் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அந்தப் பதினேழின் ஒவ்வொரு வரியையும் நான் தட்டச்சு செய்தபோது அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. நேரில் கேட்கத் துப்பில்லாதவளுக்கு இது ஒரு வழி.

மேடம் ஆளும் கட்சி. அதுதான் தலைவலி. கட்சிக்காரர்கள் ஒரே பக்கம் ஓட்டுப் போடுகிறார்களா என்று பார்ப்பதற்குக் கொறடா என்று ஒருவர் உண்டு. எங்கள் கொறடா எப்போது பார்த்தாலும் சிரித்த முகமாக இருப்பார். வங்கிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், பதினேழை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே மூன்று தடவை கேட்டார். மேடம் மூன்று தடவையும் முடியாது என்றார். மூன்றாவது தடவை கண்ணை ஒருமுறை சோதித்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

மசோதா ஓட்டுக்கு வருகிற நாள் நெருங்கியது. மாமா மூலம் அக்காவுக்குப் பார்வையாளர் மாடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு கொடுத்தனுப்பினேன். வருவாளா என்று மாமாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. சீட்டை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள் என்ற வரைக்கும் தகவல் வந்தது.

அந்த நாள் காலை ஒன்பதரைக்கு அன்றைய அலுவல் பட்டியல் வந்தது. பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. நடுவில், பதினேழு, உறுப்பினரால் திரும்பப் பெறப்பட்டது என்று இருந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் அறிவிப்பு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த எழுத்தர் கோப்பைப் பிரித்து ஒரு கடிதத்தைக் காட்டினார். மேடத்தின் கையெழுத்து. கையெழுத்துக்கு அடியில் பென்சிலில் ஒரு இன்டு. என் இன்டுக்கு ஒரு கால் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும். இதற்கும் அந்த நீளக் கால் இருந்தது.

நடந்தது ஒரு நொடியில் புரிந்தது. கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் அந்தந்தக் கட்சியின் கொறடா அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு கட்டு வரும். பயணப்படி, விடுதி அறை, நூலகம், கேன்டீன் கூப்பன் என்று கண்டதும் இருக்கும். முந்தின நாள் வந்த கட்டில் முப்பத்தொரு பேப்பர். என் கை அதன் பாட்டுக்கு முப்பத்தொரு இன்டு போட்டது. சபைக்குப் போகிற வழியில் காரில் மடியில் வைத்து மேடம் முப்பத்தொரு கையெழுத்துப் போட்டார். கேன்டீன் கூப்பனுக்கும் நூலகத்துக்கும் நடுவில் இந்தக் கடிதம் சமர்த்தாக உட்கார்ந்திருந்திருக்கிறது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. பதினாறு வருஷம் நான் செய்த அதே வேலையை எனக்கே செய்து காட்டியிருக்கிறார்கள்.

எழுத்தர் ஏதோ தேட அந்தப் பக்கம் திரும்பினார். சத்தியமாகச் சொல்கிறேன், பையிலிருந்து ரப்பரை எடுத்துவிட்டேன். அந்த இன்டை அழித்துவிட்டால் என் பங்கு அதோடு மறைந்துவிடும். கொறடா பண்ணிய வேலை, மேடம் போட்ட கையெழுத்து, நடுவில் நான் இல்லை. ரப்பரைப் பேப்பர் மேல் வைத்தும் விட்டேன். அப்போது அக்காவின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது, உன் பென்சிலை நம்பினேன் என்று. ரப்பரைத் திரும்பப் பையில் போட்டேன்.

இதை மாற்ற முடியுமா என்று எழுத்தரிடம் கேட்டேன். மனிதர் விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். உறுப்பினர் சபையில் எழுந்து கேட்கலாம். ஒருவரும் ஆட்சேபிக்காவிட்டால் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு குரல் கூடாது என்று சொன்னாலும் போச்சு.

மேடத்தின் அறைக்குப் போய் நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரப்பரையும் சேர்த்துத்தான். வேலை போய்விடும் என்று தெரியும். அதைவிட, அன்றைக்குப் பார்த்து அக்கா வந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம் பெரிதாக இருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டுல எத்தனை பேப்பர் இருந்துச்சு?"

"முப்பத்தொண்ணு மேடம்."

"நீ எத்தனை படிச்ச?"

"ஒண்ணும் படிக்கல."

"நான் ஒண்ணாவது படிச்சேனா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி வித்துட்டு நான் கண்ணை மூடிட்டுப் போட்டிருக்கேன். அழாம வா, நேரமாச்சு" என்றார்.

சபையில் உதவியாளர்களுக்கென்று ஓரமாக ஒரு மரத்தடுப்பு உண்டு. அங்கே போய் உட்கார்ந்து மாடத்தைப் பார்த்தேன். அக்காவின் இருக்கை காலியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பதினோராவது திருத்தம் நடந்துகொண்டிருந்தபோது வந்துவிட்டாள். வேலைக்குப் போகிற வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் எல்லோரையும் பார்த்தாள், என்னைத் தவிர.

பதினாறு தோற்றது. சபாநாயகர் தலை நிமிராமல், பதினேழு திரும்பப் பெறப்பட்டது, அடுத்து பதினெட்டு என்றார். மேடம் எழுந்தார். தன் கையெழுத்தைத் திரும்பப் பெற சபையின் அனுமதி வேண்டும் என்றார். சபாநாயகர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்து, கையெழுத்து உங்களுடையதுதானே, கட்டாயப்படுத்தி வாங்கினார்களா என்று கேட்டார். இல்லை, என்னுடையதுதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார் மேடம். பிறகு ஏன் போட்டீர்கள் என்றார் சபாநாயகர்.

"இன்டு போட்டிருந்தது, போட்டேன். படிக்கவில்லை" என்றார் மேடம்.

சபையே சிரித்தது. எதிர்க்கட்சி வரிசையில் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. இப்போது என்னைக் கைகாட்டப் போகிறார், அக்கா பார்க்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. சிரிப்பு அடங்கும் வரைக்கும் பொறுமையாக நின்றார்.

"சிரித்த உறுப்பினர்கள் எல்லோருக்கும் இந்த வாரம் அதே மாதிரி ஒரு கட்டு வந்தது. அதில் எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள் என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்லுங்கள். நான் உட்கார்ந்துவிடுகிறேன்."

ஒருவரும் எழவில்லை. முதலில் ஒரு உறுப்பினர் மரத்தடுப்புப் பக்கம் திரும்பித் தன் உதவியாளரைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். அப்புறம் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவியாளர்கள் எல்லோரும் ஏககாலத்தில் ஷூ நாடாவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர் ஒருவர் தடுமாறி எழுந்து, தங்கள் கட்டில் என்ன இருந்தது என்று தங்கள் கட்சிக் கொறடாவும் சொல்லிவிட்டால் நல்லது என்றார். அவர்கள் கொறடா தண்ணீர் குடித்தார்.

அனுமதி தர யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சபாநாயகர் கேட்டார். எங்கள் கொறடா பாதி எழுந்தார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. ஆனால் அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முக்கியமாக அந்தக் கட்டில் கையெழுத்துப் போட்ட அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். மனிதர் நாற்காலியைச் சரிசெய்யத்தான் எழுந்த மாதிரி அதை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

"படிக்காமல் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள இந்தச் சபை எனக்கு ஒரு நாள் கொடுத்திருக்கிறது. வீடு வாங்குகிறவர்களுக்கு ஏழு நாள் கேட்கிறேன். பதினேழாவது திருத்தம் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மேடம் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நடந்தது பேரம்தான். நிதியமைச்சர் எழுந்து மூன்று நாள் என்றால் அரசுக்குச் சம்மதம் என்றார். மேடம் ஐந்து என்றார். அமைச்சர் யோசித்துவிட்டு ஐந்துக்கு ஒத்துக்கொண்டார். கடை நடத்துகிறவருக்கு எவ்வளவு வேண்டுமென்றால் எவ்வளவு கேட்க வேண்டும் என்று தெரியாதா? முதல் வரைவில் ஐந்து என்றுதான் இருந்தது, ஏழாக்கித் தட்டச்சு செய்யச் சொன்னதே அவர்தான். ஆம் என்போர் என்று சபாநாயகர் கேட்டபோது எங்கள் கொறடாவும் ஆம் என்றார். அவருக்கும் எங்கேயோ ஒரு வீட்டுக்கடன் இருக்கும்.

மாடத்தை நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் இருக்கை மறுபடி காலி.

படியிறங்கி ஓடினேன். வெளிவாசல் பக்கத்தில் பார்வையாளர்கள் போனை ஒப்படைத்துவிட்டுப் போகிற கவுன்டர் இருக்கிறது. அங்கே வரிசையில் அக்கா முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்று எனக்குள் இருந்தது. பக்கத்தில் போய் நின்றதும் அது மொத்தமாக மறந்துபோனது. கவுன்டர்காரர் போனையும் ஒரு ரசீதையும் நீட்டினார். பழக்க தோஷம், என் விரல் தானாகப் போய் ரசீதின் அடியில் நின்றது.

"இங்க ஒரு கையெழுத்துக்கா" என்றேன். மூன்று வருஷத்துக்கப்புறம் அக்காவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா என் விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இரு. படிச்சுட்டுப் போடறேன்."

பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். ரசீதின் முன்பக்கத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். திருப்பி, பின்பக்கத்தில் இருந்த விதிகளையும் படித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது, ஒரு ரசீதுக்கு இவ்வளவா என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். படிக்கிறார்கள், நில்லுங்கள் என்று அவரிடம் சீறினேன்.

"இதுல போன் ரெண்டுன்னு போட்டிருக்கு. நான் குடுத்தது ஒண்ணு. திருத்திக் குடுங்க" என்றாள் அக்கா. கவுன்டர்காரர் எட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்துவிட்டு இரண்டை அடித்து ஒன்று ஆக்கினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஓரமாக வந்து நின்றோம். அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டே, பென்சிலில் இன்டு போட்டது யார், நீதானே என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வெள்ளைக் கோட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.

"சரி விடு" என்றாள். "அன்னைக்கு உன் பேங்க்ல நான் ஒரு டீ வாங்கித் தந்தேன். இன்னைக்கு நீ வாங்கு."